கார் தயார் என்று யார் சொல்வது?

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு புதுக் காரைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. ஓர் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "இத்தனை மைல் ஓட்டிவிட்டு வா" என்று ஊர்ச் சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் திரும்பி வந்து சொல்வதுதான் சோதனை முடிவு. ஜெனரல் மோட்டார்ஸில் அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு. வெளியே போன சோதனை வண்டி ஒன்று சாலையோரம் நிற்பதைப் பொறியாளர்கள் பார்த்தார்களாம். பின்சக்கரங்களை ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் மைல் ஏறிக்கொண்டே போனது. வண்டி ஓரடி நகரவில்லை.

ஓட்டுநரின் சாமர்த்தியத்தை விடுங்கள். அந்த மைல் கணக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். ஒரே தாள் இரண்டு மேஜைக்குப் போகும். பொறியியல் பிரிவில் இருப்பவர், "இவ்வளவு தூரம் ஓடியும் ஒன்றுமே உடையவில்லையா? சந்தேகமாக இருக்கிறதே, இன்னும் ஓட்டுங்கள்" என்பார். விற்பனைப் பிரிவில் இருப்பவர், "இவ்வளவு தூரம் ஓடியும் ஒன்றும் உடையவில்லை, அப்புறம் என்ன? டீலர்களுக்குச் சொல்லிவிடலாமா?" என்பார்.

இந்த இரண்டு பேரும் கார் உலகத்தில் நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்திலும் இதே சண்டை உண்டு. வாடிக்கையாளருக்கு டெமோ காட்டிய மறுநாள் காலையில் விற்பனைப் பிரிவிலிருந்து மெயில் வரும்: "நேற்றுதான் நன்றாக ஓடியதே, கொடுத்துவிட வேண்டியதுதானே?" டெமோவில் எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அந்தக் கோபத்தில்தான் இந்தப் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சண்டையின் வேர், 'சோதனை' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துவதில் இருக்கிறது. ஒரு வேலை, வண்டி நன்றாக ஓடும் என்று ஊருக்குக் காட்டுவது. இன்னொன்று, வண்டி எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பது. முதல் வேலையில் எதுவும் உடையாவிட்டால் வெற்றி. இரண்டாவதில் எதுவும் உடையாவிட்டால், ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்றுதான் பொறியாளருக்குத் தோன்றும்.

கார் வந்த புதிதில் பெயர் வாங்கிய சோதனைகள் பெரும்பாலும் முதல் வகை. இங்கிலாந்தில் 1907ல் ரோல்ஸ் ராய்ஸ் நடத்திய ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் போட்டவர் ராய்ஸ் என்ற பொறியாளர் அல்ல. கம்பெனியின் வியாபாரத்தைக் கவனித்த கிளாட் ஜான்சன். ஒரு காரை எடுத்து, வெள்ளி நிறம் பூசி, 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர் பலகை மாட்டி, லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டச் செய்தார். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையாளர்கள் கூடவே உட்கார்ந்து வந்தார்கள். 629வது மைலில் ஒருமுறை வண்டி தானாக நின்றது. பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் மூடிக்கொண்டதுதான் காரணம். அதன் பிறகு 14,371 மைல் தடையில்லாமல் ஓடியது. 15,000 மைல் முடிந்ததும் காரைப் பிரித்துப் போட்டு, தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் புதுசு போல ஆக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தார்கள். 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். அந்தத் தொகையைப் பார்த்தாலே தெரியும், இது விற்கத் தெரிந்தவரின் மூளையில் உதித்த சோதனை என்று. உலோகத்தின் தேய்மானத்தை மில்லிமீட்டரில் சொல்லாமல் பணத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மறுவருடம், 1908ல், காடிலாக்கின் லண்டன் ஏஜென்ட் பிரெடெரிக் பென்னட் இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தார். மூன்று கார்களை புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோய்த் திருகு திருகாகப் பிரித்தார்கள். எல்லா உதிரிகளையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். கிளப்காரர்கள் அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடை இருப்பிலிருந்து புதியவற்றைப் போட்டார்கள். குவியலிலிருந்து மறுபடி மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள். ஓடியது. ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கு அரம் போட்டு ராவாமலே பொருந்தும் என்பது அன்று பெரிய அதிசயம். இதைச் செய்தவரும் விற்பனையாளர்தான்.

ஆக, விற்பவர்கள் சோதனைக்கு எதிரிகள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த இரண்டிலும் ஏமாற்று எதுவும் இல்லை. ஒன்று மட்டும்: வண்டி தேறிவிடும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் இப்படி ஊரைக் கூட்டுவார்கள். தேறாது என்று சந்தேகப்படும் இடத்தைத் தேடிப் போய்ச் சோதிப்பது வேறு வேலை. அதற்குப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட முடியாது. அதற்கு நாள் கணக்கும் சொல்ல முடியாது. சண்டை அங்கேதான் மூளுகிறது.

விற்பனைக்கு நாள் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? அன்றைய அமெரிக்காவில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை மேல் திறந்தவை. பனிக்காலத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். வசந்தத்தில்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். ஜனவரியில் நியூயார்க் மோட்டார் கண்காட்சி. அங்கே புது மாடலைக் காட்டினால் டீலர்கள் ஆர்டர் எடுத்துக்கொண்டு போவார்கள். ஜனவரியைத் தவறவிட்டால் வசந்தம் போகும், வசந்தம் போனால் வருடம் போகும். கண்காட்சியில் காட்டியாகிவிட்டால் பிறகு பின்வாங்கவும் முடியாது. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்து இலையும் போட்டாகிவிட்டது, சோறு வேகவில்லை என்று சமையற்காரர் சொன்னால் யாருக்குக் கோபம் வரும்? சமையற்காரர்மேல்தான்.

இப்போது முக்கியமான கதைக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸின் 'செம்பு என்ஜின்' கதை.

1921ல் அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் ஃபோர்டு. ஜெனரல் மோட்டார்ஸின் மலிவுக் காரான செவ்ரலேயின் பங்கு வெறும் 4 சதவீதம். விலையில் ஃபோர்டை அடிக்க முடியாது. வேறு என்ன செய்வது? யாரிடமும் இல்லாத புதுமையாக எதையாவது கொண்டுவர வேண்டும். கம்பெனித் தலைவர் பியர் டு பாண்டின் கண் சார்லஸ் கெட்டரிங் மேல் விழுந்தது. காரை முன்னால் நின்று கையால் சுற்றிக் கிளப்பிய காலத்தில், பட்டனை அழுத்தினால் கிளம்பும் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த ஆள் அவர். ஒஹாயோவில் உள்ள டேட்டன் நகரில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே காற்றால் குளிரும் என்ஜின் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இதை நம் ஊர் மோட்டார் சைக்கிளை வைத்துச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். பைக் என்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும் அல்லவா? சூடு அந்தத் தகடுகளுக்கு ஏறி, காற்றில் கலந்து போகும். காரில் அப்படி இல்லாமல் என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் ஆற்றும். தண்ணீர் என்றால் ரேடியேட்டர், பம்பு, ரப்பர் குழாய் என்று எடை கூடும், செலவு கூடும், ஒழுகும். மிச்சிகன் பனியில் உறைந்து என்ஜினையே பிளந்துவிடும். தண்ணீரே வேண்டாம் என்றால் எவ்வளவு நிம்மதி! கெட்டரிங் செய்த மாற்றம், இரும்பு சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளைப் பற்றவைத்தது. செம்பு இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெண்கலப் பாத்திரமும் செம்புப் பாத்திரமும் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிறுக்குத்தனமான யோசனையும் இல்லை. நியூயார்க் மாகாணத்தில் பிராங்க்ளின் என்ற கம்பெனி 1902லிருந்தே காற்றால் குளிரும் கார்களை விற்றுக்கொண்டிருந்தது.

மேலிடத்துக்கு இந்த என்ஜின் மிகவும் பிடித்துவிட்டது. சோதனை முடியுமுன்பே நாள் குறித்துவிட்டார்கள். கம்பெனிக்குள் தனிப் பெயரில் கார் செய்த ஓக்லண்ட் என்ற பிரிவு 1921 டிசம்பர் 1ஆம் தேதியோடு தன் பழைய தண்ணீர் மாடலை நிறுத்த வேண்டும். 1922 பிப்ரவரியில் நாளுக்கு 100 என்ற கணக்கில் செம்பு என்ஜின் கார்களைத் தொடங்க வேண்டும். அப்புறம்தான் முதல் மாதிரி வண்டி டேட்டனிலிருந்து ஓக்லண்டுக்குச் சோதனைக்கு வந்தது. நவம்பர் 8ஆம் தேதி அந்தப் பிரிவின் மேலாளர் ஜார்ஜ் ஹானம் டு பாண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். செய்ய வேண்டிய மாற்றங்களைப் பார்த்தால் குறித்த நாளில் தொடங்க முடியாது, சோதனைகளை முடித்து நாங்கள் சரி என்று சொல்ல இன்னும் குறைந்தது ஆறு மாதம் ஆகும் என்பது சாரம். அதற்குள் வியாபாரம் படுத்துவிடாமல் இருக்கப் புதிய தண்ணீர் மாடல் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டார்.

கெட்டரிங்குக்கு இது பெரிய அடி. டேட்டனில் ஓடிய வண்டி, ஓக்லண்ட் தொழிற்சாலை இருந்த பான்டியாக்கில் ஏன் ஓடவில்லை? அவர் பக்கத்து நியாயம்: பிரிவுக்காரர்களுக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை, குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஓட்டுகிறார்கள். பிரிவுக்காரர்கள் பக்கத்து நியாயம்: ஆராய்ச்சிக்கூடத்தில் கைவினைஞர்கள் பார்த்துப் பார்த்துப் பூட்டிய என்ஜின் ஒன்று ஓடுவது பெரிய விஷயமா? வாடிக்கையாளர் மலையில் ஏற்றுவார், வெயிலில் ஓட்டுவார், எண்ணெய் மாற்ற மறந்துவிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொறியியல் ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம் என்று நேர்கோடு போட்டுப் பிரிக்க முடிவதில்லை. கண்டுபிடித்த பொறியாளர் சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்கிறார். தொழிற்சாலைப் பொறியாளர் பொறு என்கிறார். தேதி குறித்தது விற்பனைப் பிரிவுகூட அல்ல, சந்தையைப் பார்த்துப் பதறிய மேலிடம். 'விற்பனைக்காரன்' என்பது பல நேரங்களில் ஒரு பதவி இல்லை. எவர் நாளைக்கு வேண்டும் என்கிறாரோ அவர் அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்கிறார்.

ஓக்லண்டில் நின்றுபோனது செவ்ரலேயில் தொடர்ந்தது. 1923 ஜனவரி, நியூயார்க் கண்காட்சி. செம்பு என்ஜின் செவ்ரலே மேடை ஏறியது. சாதாரண செவ்ரலேயைவிடச் சுமார் 200 டாலர் விலை கூட. கூட்டம் மொய்த்தது. பிப்ரவரியில் தொடங்கி, அப்படியே ஏற்றிக்கொண்டே போய் அக்டோபரில் மாதம் 50,000 என்று திட்டம். இலை போட்டாகிவிட்டது.

சோறு வேகவில்லை. மே மாதம் மூன்று பொறியாளர்களை உட்காரவைத்து ஆராயச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் செவ்ரலேயின் தலைமைப் பொறியாளர் ஓ. இ. ஹன்ட். அவர்கள் கொடுத்த முடிவு: வெளிச்சூடு 60 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது, மிதமான வேகத்தில் ஓட்டினாலே என்ஜின் மோசமாக முன்கூட்டிப் பற்றுகிறது. சூடேறிய பிறகு அழுத்தமும் சக்தியும் குறைந்துபோகின்றன.

முன்கூட்டிப் பற்றுவது என்றால்? சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பிளக்கின் பொறி பட்டுத்தான் எரிய வேண்டும். உள்ளே ஏதாவது ஓர் இடம் அதிகமாகச் சூடேறிச் சிவந்திருந்தால், பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை அது கீழே தள்ளப் பார்க்கும். தடதடவென்று சத்தம், இழுவை போச்சு. அதுவும் எந்தச் சூட்டில்? 60, 70 ஃபாரன்ஹீட் என்றால் 16 முதல் 21 டிகிரி செல்சியஸ். நமக்கு அது போர்வை தேடும் மார்கழி விடியற்காலை. அந்தக் குளிரிலேயே கொதித்தால் ஆகஸ்ட் வெயிலில் டெக்சாஸ் டீலர் என்ன பாடுபட்டிருப்பார்!

கடைசிக் கணக்கு இது. மொத்தம் கட்டியது 759 கார்கள். அவற்றில் 239ஐத் தொழிற்சாலையிலேயே கழித்து உடைத்துவிட்டார்கள். சுமார் 500 விற்பனைப் பிரிவுக்குப் போனது. அதில் ஏறக்குறைய 150ஐக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகளே ஓட்டினார்கள். 300க்குச் சற்று மேல் டீலர்களிடம் போனது. மக்கள் கைக்குப் போனது ஏறக்குறைய 100. ஜூனில் எல்லாவற்றையும் திரும்ப அழைத்தார்கள்.

அந்த 150தான் எனக்குப் பிடித்த எண். 'சீக்கிரம் கொடு' என்று கேட்கும் பிரிவைச் சேர்ந்தவர்களே தினமும் அந்த வண்டியில் உட்கார்ந்து தடதடப்பைக் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பொறியாளரின் அறிக்கையும் அவ்வளவு சீக்கிரம் அவர்களுக்குப் புரியவைத்திருக்காது.

ஜூன் 30ஆம் தேதி கெட்டரிங் ராஜினாமாக் கடிதம் எழுதினார். என்ஜினின் அடிப்படையில் குறை இல்லை, கம்பெனிக்குள் இருக்கும் எதிர்ப்புதான் குறை என்பது அவருடைய வாதம். அப்போதுதான் தலைவர் பதவிக்கு வந்திருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் அவரைச் சமாதானப்படுத்தி இருக்கவைத்தார். கெட்டரிங் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. காற்றால் குளிரும் கார் ஓடும் என்பதைப் பின்னால் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் உலகத்துக்கே காட்டியது. செவ்ரலேயே 1960 மாடலாகக் கோர்வேர் என்ற காற்றால் குளிரும் காரை விற்றது. ஆனால் 1923 மே மாதத்தில் கையில் இருந்த அந்த என்ஜின் தயாராக இல்லை. 'இந்த யோசனை சரி', 'இந்த வண்டி தயார்' இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். கண்டுபிடித்தவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படுவது கஷ்டம். எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

சரி, ஸ்லோன் என்ன செய்தார்? யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. தீர்ப்பு எழுதப் பொதுவான அளவுகோலே இல்லை என்பதுதான் பிரச்சினை. டேட்டன்காரர்கள் தங்கள் சாலையில், தங்கள் ஓட்டுநரை வைத்து ஓட்டினார்கள். ஓக்லண்ட்காரர்கள் தங்கள் சாலையில் ஓட்டினார்கள். ஒருவர் ஏறிய மேடு இன்னொருவருக்குத் தெரியாது. பொதுச் சாலையில் மழை, குதிரை வண்டி, போக்குவரத்து எல்லாம் குறுக்கே வரும். அப்புறம் ஜாக்கி போடும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். இப்படி எடுத்த எண்களை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாதாடலாம்.

முதலில் 1923 செப்டம்பரில் ஒரு பொதுத் தொழில்நுட்பக் குழு அமைத்தார். எல்லாப் பிரிவுகளின் தலைமைப் பொறியாளர்களும் கெட்டரிங்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மறுவருடம், 1924ல், மிச்சிகனில் மில்ஃபோர்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1,125 ஏக்கர் நிலத்தில் சோதனைத் தளம் வந்தது. டெட்ராய்ட், பான்டியாக், ஃபிளின்ட், லான்சிங் என்று கம்பெனியின் தொழிற்சாலைகள் இருந்த ஊர்களுக்கு நடுவில் தேடிப் பிடித்த இடம். வேலி போட்டு வாசலில் ஆள் வைத்தார்கள். உள்ளே வேகமாக ஓட்ட ஒரு தடம், சரிவு அளந்து போட்ட மேடுகள், குண்டும் குழியுமான பாதை எல்லாம் இருந்தன. முக்கியமாக, அந்தத் தளம் செவ்ரலேயுடையதும் இல்லை, ஓக்லண்டுடையதும் இல்லை. விற்பனையின் கையிலும் இல்லை, கண்டுபிடித்தவர் கையிலும் இல்லை. தலைமை அலுவலகத்தின் கீழ் தனியாக இருந்தது.

இதனால் சண்டை நின்றதா என்றால், இல்லை. சண்டை போடும் விதம் மாறியது. "உன் ஓட்டுநர் சரியில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே மேட்டில், அதே வேகத்தில் இன்னொரு வண்டி ஏறியிருக்கிறதே என்று தாளை நீட்டுவார்கள். விற்பனைப் பிரிவுக்கும் இதில் லாபம் இருந்தது. மற்ற கம்பெனிக் கார்களையும் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து அதே தடத்தில் ஓட்டினார்கள். "எங்கள் வண்டி அவர்கள் வண்டியைவிட நன்றாக மேடு ஏறும்" என்று டீலர் சொன்னால், எவ்வளவு நன்றாக என்று ஓர் எண் இருந்தது. சில்வர் கோஸ்ட் காலத்தில் ஊரைக் கூட்டிக் காட்டியதும், பொறியாளர் யாருக்கும் தெரியாமல் உடைத்துப் பார்த்ததும் இப்போது ஒரே வேலிக்குள் வந்துவிட்டன. 1920கள் முடிவதற்குள் ஸ்டூட்பேக்கர், பேக்கார்டு கம்பெனிகளும் தங்களுக்கென்று இப்படித் தளம் கட்டிக்கொண்டன. மில்ஃபோர்ட் தளம் பல மடங்கு பெரிதாகி இன்றும் நடக்கிறது.

திரும்ப அழைத்த அந்தச் செம்பு என்ஜின் செவ்ரலேக்களில் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயின. தப்பிப் பிழைத்த ஒன்றை இன்றும் பார்க்கலாம். இருப்பது டியர்போர்னில், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில்.